தலைவர் மடியில் குழலி

தலைமை தாங்கித் தங்கக்கரை வேட்டியில் தகதகவென வீற்றிருக்கும் எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர் சிவசண்முகம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் முறுக்கு மெல்லும் முதியோர்களே! பெற்றவர்களே, பெறப்போகிறவர்களே, பெற்றதையே மறந்து கைப்பேசி பார்க்கும் தந்தையர்களே! எல்லாருக்கும் மேலான தாய்மார்களே! தச்சநல்லூர்ச் சொர்ணாம்பாள் டீச்சரின் வணக்கம்.

இன்று குழலிக்கு முதல் பிறந்தநாள். நடந்ததைச் சொல்ல அவள் அம்மா அனுராதா எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். தலைவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை!

குழந்தை பிறந்ததும் நாம் என்ன செய்தோம்? படையெடுத்தோம்! "பால் பத்துதா?" என்றோம். "பிள்ள ஏன் மெலிஞ்சிருக்கு?" என்றோம். மூக்கு யார் சாடை என்று பட்டிமன்றம் நடத்தினோம். பெற்றவள் மெலிந்ததைப் பார்த்தோமா?

அனுராதாவுக்குத் தாய் இல்லை. கணவர் கோமதிசங்கருக்கு வள்ளியூரில் வேலை. விடிந்தால் பஸ், இருட்டினால் வீடு. மூன்றாம் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சிரித்தாலும் இவள் அழுதாள். "பச்ச ஒடம்பு, அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நாம் அவளிடமே காப்பி கேட்டோம்!

ஒரு காலையில் ஆலோசனை வழங்க எழுந்தருளினார் தலைவர். நெளியாதீர்கள் அண்ணாச்சி!

"எம்மா, பிள்ளையத் தூக்கித் தூக்கிப் பழக்காத. நாங்க நாலு பிள்ள வளத்தவங்க" என்றார்.

"அப்ப கொஞ்சம் பாத்துக்கிடுங்க மாமா" என்று குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, அனுராதா வெளியே நடந்தாள்.

நாலு பிள்ளை வளர்த்தவர் நடுங்கினார்! குழலி குரலெடுத்து அழுதாள். பிறகு அந்த வேட்டியை... நாகரிகம் கருதி நிறுத்துகிறேன். என்ன மகாராஜா, பின்வரிசையில் கைதட்டல்? நீர் மட்டும் துணி மாற்றினீராக்கும்?

"ஏலே, யாராவது வாங்களேன்! மாத்துத் துணி எங்கன இருக்கு?" என்று அவர் கத்த, தெருவே கூடியது. பக்கத்து வீட்டுப் பிரேமலதா குழந்தையை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அனுராதா எங்க?"

சிரிப்பு நின்றது. வீட்டில் இல்லை. மாடியில் இல்லை. செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றை நினைக்காதவர் யார்? அதை வாய்விட்டுச் சொன்னவர் யார்? ஈர வேட்டியோடு முதலில் ஓடியவர் நம் தலைவர்தான்!

தெருமுனைப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில், தூணில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள் அனுராதா.

"பிள்ள அழுதாளா மாமா?" என்று பதறி எழுந்தாள்.

"அவ அழட்டும்மா. நீ சாப்டியா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் உடைந்தாள். "எங்க போறேன்னே தெரியாம வந்தேன் மாமா. பிள்ளையப் பாத்தாலே பயமா இருக்கு."

வேலையிலிருந்து ஓடிவந்த கோமதிசங்கரோடு அன்றே மருத்துவரிடம் போனார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருந்து உண்டு, மனம்விட்டுப் பேச ஆளும் உண்டு, ஆனால் தூக்கமும் துணையும் வேண்டும் என்றார் மருத்துவர். "எனக்கும் பயந்தான். யார்ட்டப் போய்ச் சொல்ல?" என்று கோமதிசங்கரும் கண்கலங்கினார்.

அதன்பிறகு மதியச் சோறு பிரேமலதா வீட்டிலிருந்து வந்தது. மாலைத் தொட்டில் தலைவர் கைக்கு வந்தது. அவர் பேசினால் நாம் தூங்குகிறோம். அவர் பாடினால் குழலி தூங்குகிறாள்! அனுராதா தேறினாள், சறுக்கினாள், மறுபடி தேறினாள். இதோ, என்னை முறைக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறாள்!

நம் தெரு மந்திரமூர்த்தி வீட்டில் அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. போங்கள்! சோறோடு போங்கள்! பாத்திரம் கழுவப் போங்கள்! "சாப்டியா?" என்று பெற்றவளைக் கேளுங்கள், பெற்றவனையும் கேளுங்கள்! தொட்டில் கட்டிய நாளோடு தீருமா நம் கடமை? ஆண்டு முழுதும் கேளுங்கள்!

சிரித்தவர்களுக்கும், சினத்தை அடக்கிய தலைவருக்கும் நன்றி. பந்தியில் முதல் இலை அனுராதாவுக்கும் கோமதிசங்கருக்கும். பிள்ளையை எங்களிடம் கொடுத்துவிட்டு, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள். வணக்கம்!