நடு நாற்காலி

— உட்காரு முதல்ல. குட்டி போட்ட பூனையாட்டம் எதுக்கு அலையற? இந்த அறையில ஒரு ஆள் நடக்கவே இடமில்ல.

— உட்கார முடியல மேடம். உடனே வான்னீங்க, கோர்ட்லேர்ந்து அப்படியே ஓடி வந்தேன். விஷயத்தச் சொல்லுங்க.

— அந்தத் துறைமுகத் தகராறு. ரெண்டு நாட்டுக் கம்பெனிங்க, கட்டின சுவரு உள்வாங்கிடுச்சுன்னு மல்லுக்கட்டுதுங்களே, அதான். கோர்ட்டுக்குப் போகாம மூணு நடுவர் வச்சுத் தீத்துக்கறாங்க, என்னைத் தலைமை நடுவரா உட்காரச் சொல்லியிருக்காங்க.

— வாழ்த்துகள் மேடம்.

— என்ன, வாழ்த்து தொண்டையிலயே நிக்குது?

— அதில்ல மேடம்... அதே வழக்குல ஒரு பக்கத்துக்கு நான் வக்கீல்.

— தெரியும்டி. காலையிலதான் வக்கீல்கள் பேரு வந்துச்சு. உன் பேரப் பாத்ததும் காபியெல்லாம் மடியில.

— என்ஜினீயர் சாட்சியக் குறுக்கு விசாரணை பண்றது நான்தான் மேடம். இத்தன வருஷமா ஃபைலத் தூக்கிக்கிட்டு பாஸ் பின்னால ஓடினேன். காதுல கிசுகிசுத்து கேள்வி எடுத்துக் குடுத்தேன். என் வாயால ஒரு கேள்வி கேட்டதில்ல. இப்பத்தான் மொதல் தடவையா...

— எனக்கு மட்டும் என்னவாம்? மூணு நடுவர் மேசைன்னா எனக்கு எப்பவும் ஓரத்து நாற்காலி. தல நரைச்ச அப்புறம்தான் நடு நாற்காலி கூப்பிடுது. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். யாரோட என்ன பழக்கம்னு ஒண்ணுவிடாம எழுதிக் கையெழுத்தும் போடணும். உன் பேர எழுதினா, நீ இருக்கற வழக்குல என்னை உட்கார விடமாட்டாங்க.

— எழுதாம விட்டா?

— என்னது?

— அதில்ல... மாசத்துக்கு ஒரு தடவ பேசறோம். அவ்வளவுதானே மேடம்.

— பெண் வக்கீல்களுக்கு வழிகாட்டித் திட்டம், நான் உனக்கு வழிகாட்டின்னு சங்கத்து இணையதளத்துல நாம ரெண்டு பேரும் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கறோம். மறைச்சேன்னு வை, நாளைக்கு நான் எழுதற தீர்ப்பையே கிழிச்சுப் போட்டுருவானுங்க.

— ஆம்பளைங்க மட்டும்? சேர்ந்து டென்னிஸ் ஆடறாங்க. குடும்பத்தோட டூர் போறாங்க. அதையெல்லாம் யாரு எழுதறா?

— அதுக்குப் பேரு நட்பு. அவனுங்க தோள்ல கை போட்டுக்கறதுக்கு ரசீது கிடையாது. நமக்குத்தான் திட்டம்னு பேரு வச்சு, படம் புடிச்சு மாட்டிவிட்டாங்க.

— அப்போ நான் விலகணும்ங்கறீங்க.

— அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன். நாக்கு கூசுது. மூட்டை தூக்கினவரு பொண்ணு நான், யாருகிட்டயும் இப்படிக் கேட்டுப் பழக்கமில்ல.

— விலகினா எங்க பாஸ் எனக்கு அடுத்து குடுக்கறது ஜெராக்ஸ் வேலதான் மேடம்.

— உங்க பாஸ்! அந்த மகராசன் உன்ன எப்ப இதுல சேத்தாரு?

— திங்கட்கிழமை.

— என் பேரு வெள்ளிக்கிழமையே ரெண்டு பக்கத்துக்கும் போயிடுச்சு. இப்பப் புரியுதா?

— மேடம்...

— இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். போன வழக்குல அவரு கொண்டாந்த சாட்சி பொய் சொல்லுச்சுன்னு தீர்ப்புலயே எழுதினேன். அந்த எரிச்சல். என்னை வேண்டாம்னு சொல்லக் காரணமில்ல, அதனால உன்னத் தூக்கிக் குறுக்கால போட்டுட்டாரு. உன் திறமையப் பாத்துக் குடுத்ததுன்னு நெனச்சியா, பைத்தியக்காரி? பகடைக்காய்டி நீ. சரி, அழாத. உன்மேல என்ன தப்பு?

— நான் அழல மேடம்.

— பின்ன ஏன் என் முகத்தப் பாக்காம சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கற?

— வெள்ளிக்கிழமை உங்க பேரப் பாத்ததும் பாஸ் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. என்னைச் சேத்துக்குங்க, அவங்களால உட்கார முடியாது, ஆனா சாட்சிய விசாரிக்கறது நான்தான்னு... உள்ள போய்ச் சொன்னது நான்தான் மேடம்.