பதின்மூன்றாவது இறகு

பெருமதிப்பிற்குரியோரே, முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு ஒரு காகம் இம்மண்டபத்துள் எழுந்தருளியது. மேடையை நோக்கியது, எச்சமிட்டது, ஏகியது. தமிழாசிரியை அஞ்ச வேண்டாம். அது பெயரெச்சமும் அன்று, வினையெச்சமும் அன்று, அசல் எச்சம். விழுந்த இடம் தலைவரின் நாற்காலி. துடைத்தாயிற்று.

சாய்ந்து அமரலாமா என்று யோசிக்கும் தலைவர் அவர்களே, சாயாத சான்றோர்களே, என்னைப் பெற்றுவிட்டுக் கவலையோடு முதல் வரிசையில் இருக்கும் அன்னையே, பிறரைப் பெற்று நிம்மதியாக இருக்கும் ஏனைய தாய்மார்களே, வணக்கம்.

இன்று வெளியாகும் பறவை நூலின் அறுபது ஓவியங்களையும் தீட்டியவர் என் சித்தி. அந்த நூல் உங்கள் கைக்கு வந்ததற்குக் காரணம் நான். அம்மா, முறைக்காதே, சொல்கிறேன்.

காக்காய் பிடித்து உயர்ந்தவர் பலர். காக்காயைத் தீட்டி உயர்ந்தவர் உண்டோ? ஒன்பது ஆண்டுகள் விதைப் பொட்டலங்களுக்குக் கத்தரிக்காய் வரைந்தவர் யார்? என் சித்தி. வேலைக்குப் போகுமுன், விடியலில், சந்தைக்குப் பின்னுள்ள குப்பைமேட்டில் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு கையில் மூக்கையும் மறு கையில் பென்சிலையும் பிடித்தவர் யார்? என் சித்தி. பின்வரிசையில் கூடவே "உன் சித்தி" என்று முழங்கும் நண்பர்களே, நன்றி. பேசி வைத்தபடியே செய்கிறீர்கள்.

ஓவியங்கள் பதிப்பாளரிடம் போயின. மூன்றாம் நாள் தொலைபேசி ஒலித்தது. இதோ, இங்கே புன்னகைக்கும் இதே பதிப்பாளர் அன்று புன்னகைக்கவில்லை.

"காக்கா வாலை எண்ணிப் பாத்தீங்களாம்மா? பன்னிரண்டு இறகு இருக்கணும். நீங்க பதிமூணு போட்டிருக்கீங்க. காக்காவே தப்புன்னா, மத்த அம்பத்தொம்பதையும் எப்படி நம்புறது?"

ஓவியக் கட்டு திரும்பி வந்தது. ஒரு மாதம் அவகாசம். தவறினால் நூல் இல்லை. சித்தி வண்ணப்பெட்டியை மூடினார்.

"கத்தரிக்காய்க்கு வால் கிடையாது. எனக்கு அதான் சரி."

வெகுண்டெழுந்தேன் நான். "ஒரு இறகுக்காக ஒம்பது வருஷத்த விட்டுடுவியா சித்தி? எல்லாத்தையும் இன்னொரு தடவ எண்ணு. நானும் கூட உக்காருறேன்."

எண்ணினோம். இறகை எண்ணினோம், விரலை எண்ணினோம். நாற்பத்தோராம் ஓவியத்தில் மரங்கொத்தி, முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று என்று நின்றது.

"அடக் கடவுளே, ரெண்டு முன்னாடி, ரெண்டு பின்னாடி இருக்கணும்டா. இல்லன்னா அது எப்படி மரம் ஏறும்?"

பதிப்பாளர் கண்ணுக்கும் தப்பிய பிழை. சித்தி அதைத் திருத்தினார், காகத்தைப் புதிதாகத் தீட்டினார், மரங்கொத்தியின் பிழையையும் எழுதிக் கட்டை மீண்டும் அனுப்பினார். "தன் தப்பைத் தானே புடிக்கிறவங்கள நம்பலாம்," என்றார் பதிப்பாளர். அடுத்த நூலும், நீர்ப்பறவைகள், சித்திக்கே.

ஆக, நூலைக் காத்தது யார்? எண்ணச் சொன்னது யார்? வீட்டில் என்னை வாலு என்பார்கள். அந்த வாலால் அல்லவா இந்த வால்கள் தப்பின?

இந்த இடத்தில் கைதட்டல் என்று என் தாளில் இருக்கிறது. ஆனால் சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தாளை மடித்துவிடுகிறேன்.

சித்தி, அந்தப் பதிமூணாவது இறகு நீ போட்டது இல்ல. கட்டு கட்டுறதுக்கு முன்னாடி, நீ கயிறு வாங்கப் போன நேரத்துல, உன் பேனாவால நான் போட்டது. கண்டுபிடிக்கிறியான்னு பாக்கத்தான். நீ பன்னிரண்டு சரியாத்தான் போட்டிருந்த.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. இனிமேல் பொறுக்க வேண்டிய சித்திக்கு முன்கூட்டியே நன்றி. பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இறங்குகிறேன். வணக்கம்.