பூஞ்சை உடம்பு

காய்ந்த துணியால் பூஞ்சையைத் துடைக்கக் கூடாது, டாக்டர். தூளாகப் பறந்து அடுத்த சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிறகு தேய்த்து, அன்றைக்கே உலர்த்திவிட வேண்டும். இரண்டு வருடமாக வடக்கு அறையை நானேதான் துடைத்தேன். வேலைக்காரியிடம் விட்டால் விஷயம் நாலு வீட்டுக்குப் போய்விடும்.

நீங்கள் உட்காருங்கள். எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. வீடு தேடி வந்து கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அது என் மகனும் மருமகளும் படுத்த அறை; அவர்கள் பெண், என் பேத்தி, என் மகளோடு படுப்பாள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் முதலில் மிளகளவு கறுப்புப் புள்ளிகள். பிறகு தட்டளவு. கொத்தனாரை வரவழைத்தேன். சுவருக்குள் குழாய் கசிகிறது, பூச்சை உடைத்துக் குழாயை மாற்றி, ஒரு மாதம் ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும் என்றார். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அழுகின வீட்டுப் பெண் என்று அவளுக்குப் பெயர் வாங்கித் தரவா?

"பெயின்ட் அடிச்சா மறையாதா?" என்றேன்.

"மறையும் பெரியவரே. போகாது."

மறைந்தால் போதும் என்று அனுப்பிவிட்டேன். நெடி தெருவுக்குப் போகாதபடி ஜன்னலுக்கு ஆணி அடித்தேன்.

மருமகள் இருமத் தொடங்கினாள். பத்து நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அங்கே இருமல் நின்றுவிட்டதாக அவள் அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் வியாதி, அவர்கள் வீட்டில் சுகம் என்றால் என்ன அர்த்தம்? அன்று மாலையே போய் அழைத்து வந்தேன். வழியில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, நான் கூடத்துல படுத்துக்கட்டுமா?"

வருகிறவர்கள் காரணம் கேட்பார்களே என்று எடுத்துச் சொன்னேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

பிறகு உங்களிடம் கூட்டி வந்தேன். "வீட்ல எங்கயாவது பூஞ்சை இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பூஞ்சைதான் டாக்டர். பிறந்ததுலேர்ந்து பூஞ்சை உடம்பு."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனாரை அடுத்தவர் எதிரில் மறுத்துப் பேசுகிற பெண் அல்ல. அது தெரிந்துதான் சொன்னேன். எந்தப் பூஞ்சையைக் கேட்டீர்கள் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு ஏழு வாரம் உயிரோடு இருந்தாள்.

மகள் கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மகன் என்னோடு பேசுவதில்லை. மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். ஆனால் ஓர் அறையைப் பூட்டிப் போட்டால் ஜனங்கள் கதை கட்டுவார்கள். இத்தனை நாள் அத்தையோடு படுத்த பேத்திக்கும் ஓர் இடம் வேண்டும். போன வாரம் அவள் கட்டிலை அங்கே போட்டுவிட்டேன். நன்றாகத் தூங்குகிறாள். இரண்டு நாளாக லேசாக இருமுகிறாள், பள்ளிக்கூடத்தில் யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கும்.