மெஷினுக்குத் தெரியாத கொசுறு

மரக்காணத்தில் புதுச்சேரி பஸ் ஏறியபோது முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பால் பூத்தில் வேலை பார்ப்பவள். மற்றவர் உப்பளத்திலிருந்து வருகிறவர், முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது.

"அந்த மெஷினுக்குக் கொசுறு ஊத்தத் தெரியலக்கா" என்றாள் பூத்துக்காரி.

"எந்த மெஷினு?"

"பூத்துல புதுசா வச்சிருக்காங்களே, அதான். டோக்கன் போட்டா கரெக்டா அரை லிட்டர் ஊத்திட்டு நின்னுடும். ஜனங்க சொம்பை எடுக்காம அப்படியே நிக்கிறாங்க."

"கொசுறுக்கா?"

"ஆமா. நாலு நாள் பாத்துட்டு, பாதிப் பேர் சைக்கிள் பால்காரர்கிட்டயே போய்ட்டாங்க. பூத்தையே மூடிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"எங்க வீட்டு மாட்டுப் பாலைத் தூக்குல எடுத்துட்டுப் போய் பக்கத்துலயே உக்காந்துட்டேன். மெஷின் நின்னதும் ஒரு கரண்டி ஊத்துறேன். எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க."

"மேல யாராவது பாத்தா திட்ட மாட்டாங்க?"

கூனிமேட்டில் பஸ் நின்றது. பூத்துக்காரி இறங்க எழுந்தாள்.

"மெஷினை மாட்டின மெக்கானிக்கே நேத்து வந்தாருக்கா. அரை லிட்டர் புடிச்சாரு. மெஷின் நின்னதும் சொம்பை என் பக்கம் நீட்டுனாரு."