ஒரே சுருளில் இரண்டு பேர்

லாகோஸில் ஐஸ்கட்டி கிடைப்பதுதான் பெரிய தொல்லை, மேடம். குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரி வருகிற ஊர் இது. ஃபிலிம் கழுவுகிற மருந்தான டெவலப்பரை ஐஸ் போட்ட பேசினில் வைத்துக் குளிர வைக்காவிட்டால் படம் கெட்டுப்போகும். என் கூட்டாளி ரோட்டிமி இறந்த அன்று எங்கள் ஜெனரேட்டர் ஓடியதற்குக் காரணம் அதுதான். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. என் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மழை பிடித்தது. பால்கனியில் இருந்த ஜெனரேட்டரைத் தூக்கி வந்து உள்நடையில் வைத்தேன். அதை மழையில் நனைய விடுகிறவன் எங்கள் சுருலேரே பேட்டையில் ஒருத்தனும் கிடையாது. கீழ்வீட்டில் அகாரா வடை சுட்டு விற்கிற இயா வுரா மட்டும் படிக்கட்டில் நின்று கத்தினாள்.

"டேய் முயிவா, அந்தச் சனியனை உள்ள வைக்காதடா. போன வருஷம் பக்கத்துத் தெருவுல இது விடுற புகையில ஒரு குடும்பமே படுத்தது எந்திரிக்கல, மறந்துட்டியா?"

"மழை விட்டதும் எடுத்துருவேன், மம்மி."

"மழை விடறதுக்குள்ள நீ போயிருவ. உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நல்ல பெண்மணி. அவள் உங்களிடம் சொன்னது உண்மைதான். நான் கேட்டேன், எனக்குப் புரிந்தது.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் ரோட்டிமியும் சேர்ந்து வாங்கிய கேமரா ஒன்று. குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கிற பழைய ரகம். ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள், அவ்வளவுதான். ஒன்று அவன் எடுப்பான், அடுத்தது நான், சில நேரம் வரிசை மாறும். மகோகோவின் தண்ணீர்க் குடிசைகளுக்கு நடுவே படகில் போகும்போது கேமரா கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நெகட்டிவைப் பார்த்து யார் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

புகைக்குள் மீன் சுடுகிற பெண்ணின் படம் ஒன்று. தீவுப் பக்கம் படக் கண்காட்சிக் காலரி நடத்துகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு எடுத்தது?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சுவத்துல ஒரு பேருதான் எழுதுவேன், பசங்களா. அடுத்த ரோலக் கொண்டாங்க, யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

அன்றிலிருந்து நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். போனில் பேசும்போது "என்னோட படம்" என்பான். நான் அறைக்குள் வந்தால் குரலைத் தணித்துக்கொள்வான். "ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லிக் கேட்டுருக்கேன்டா" என்றான். நான் கேட்காமலே அவன் ஏன் இதைச் சொல்ல வேண்டும்? அப்புறம் அந்த நாள். ஃபிலிமை ரீலில் ஏற்றுவது எப்போதும் என் வேலை. அன்று அவன் கேட்டான்.

"இன்னிக்கு நான் ஏத்துறேன்."

"ஏன்?"

"ஏன்னா என்னடா ஏன்? எனக்கு மட்டும் கை இல்லையா, ஓகா, பெரிய முதலாளி? கல்யாணப் பொண்ணை ஒப்படைக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்காத. குடு."

கொடுத்தேன். ரீலையும் நானே கொடுத்தேன்.

எங்கள் இருட்டறை என்பது குளியலறைதான். ஜன்னலில் பலகை, கதவிடுக்கெல்லாம் கறுப்பு டேப், கதவின் அடியில் துண்டு. உள்ளே போய்த் தாழ் போட்டு, கும்மிருட்டில் ஃபிலிமைப் பிரித்து, ரீலில் சுற்றி, டப்பாவுக்குள் போட்டு மூடியைத் திருக வேண்டும். மூடிவிட்டால் பிறகு விளக்குப் போடலாம், கதவைத் திறக்கலாம். மூடுகிற வரைக்கும் திறக்கக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் எங்களில் யாரும் திறக்க மாட்டோம். ரீல் காய்ந்திருந்தால் இது சின்ன வேலை. கொஞ்சம் ஈரமிருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். உருவி, மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

ரீலை அவனிடம் கொடுப்பதற்குச் சற்று முன்தான் நான் கழுவியிருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் கழுவினேன்.

ஜெனரேட்டர் குளியலறைக் கதவருகே இருந்தது. நடை குறுகல், வேறு இடமில்லை. சமையலறைப் பக்கம் இடம் இருந்தது என்கிறீர்கள். இருந்தது.

உள்ளிருந்து அவன் கூப்பிட்டான். "முயிவா, ஃபிலிம் ஏறவே மாட்டேங்குது. தலை வேற சுத்துது. ஜெனரேட்டரக் கொஞ்சம் தள்ளி வையேன்."

"இதோ வைக்கிறேன். ஃபிலிம் வெளியதான் இருக்கா?"

"வெளியதான். கதவத் தொறந்துராத, கொன்னுருவேன்."

"தொறக்க மாட்டேன்."

திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருந்தேன். எனக்கும் தலை வலித்தது. பால்கனிக்குப் போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே முனகல் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து, மூடி திருகிப் பொருந்துகிற 'டக்' சத்தம் கேட்டது. அதற்குத்தான் காத்திருந்தேன்.

தாழ் சாதாரணத் தாழ், தோளால் ஒரு இடி போதும். ரோட்டிமி சுவரில் சாய்ந்து கிடந்தான். டப்பா மடியில், இரண்டு கையும் அதன்மேல். மூச்சு இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, மேடம். என்னைப் பார்த்து, "மூடிட்டேன்டா" என்றான். தெளிவாகத்தான் சொன்னான்.

டப்பாவை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். துண்டைக் காலால் அடியில் தள்ளினேன். டெவலப்பர் சரியான குளிர்ச்சியில் இருந்தது. ஐஸ் காத்திருக்காது. ஊற்ற ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தவும் முடியாது. நிமிஷத்துக்கு ஒருமுறை டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். மழை இருட்டில் சமையலறை விளக்கு எரிய வேண்டுமே, அதனால் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. ஃபிக்ஸர் ஊற்றி, கழுவி, கொடியில் தொங்கவிட்டு, ஈரம் வடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டும் அருமையாக வந்திருந்தன. அதன் பிறகு இயா வுராவைக் கூப்பிட்டேன்.

அவற்றில் எது நான் எடுத்தது என்று இன்னும் தெரியவில்லை. இனி அது ஒரு பிரச்சினையும் இல்லை.

உள்ளே நானும் வெளியே அவனும் இருந்திருந்தால் அவன் கதவைத் திறந்திருப்பானா என்று கேட்டீர்கள். திறந்திருப்பான். ஒருமுறை திறந்தும் இருக்கிறான். மலேரியாக் காய்ச்சலோடு ஃபிலிம் ஏற்றப் போய் உள்ளே மயங்கி விழுந்துவிட்டேன். கதவை உடைத்து, விளக்கைப் போட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடியிருக்கிறான். கண் விழித்ததும் ஃபிலிம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "போனா போகுது, கழுதை. நீ மூச்ச விடு மொதல்ல" என்றான்.

அந்தச் சுருளில் பன்னிரண்டும் வெளிச்சம் பட்டுக் கறுப்பாகிப்போயின, மேடம். அவன் போட்டோகிராஃபரே இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.