பாஸான மண்

...அதைத்தான் சார் நானும் கேக்குறேன், பாஸான மண்ணுக்கு எதுக்கு மறுபடியும் டெஸ்ட்டு? தெருக்காரங்க மனு குடுத்தாங்களாமா? குடுப்பாங்க, குடுப்பாங்க. இல்ல, நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். செருப்பெல்லாம் கழட்ட வேணாம், தோட்டம்தானே.

இந்தத் தெருவுல பன்னெண்டு வீடு. எல்லா வீட்டுக்குப் பின்னாடியும்தான் அந்த முலாம் பூசுற கம்பெனியோட கழிவுத்தண்ணி போகுது. திங்கக்கிழமை பச்சை, வியாழக்கிழமை மஞ்சள், ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு. போன தடவை உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து மண்ண எடுத்துட்டுப் போயி, பதினோரு வீட்டு மண்ணுல ஈயம், குரோமியம், இன்னும் வாயில நுழையாத என்னென்னவோ இருக்குன்னு எழுதிட்டாங்க. என் வீட்டு மண்ணு மட்டும் சுத்தம். அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? தையல்காரர் பொண்டாட்டி என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குறா. எதிர்வீட்டு டிரைவர், 'வாங்க டீச்சர்'னு வாய் நெறையக் கூப்பிட்டவரு, இப்ப ஹாரன் அடிக்கிறாரு, அதோட சரி.

கம்பெனிக்காரன் என் ரிசல்ட்ட பெருசா அச்சடிச்சு கேட்டுல ஒட்டிட்டான் சார். கழிவுத்தண்ணி வர்ற குழாய்க்கு ஒட்டுன வீட்டு மண்ணே சுத்தம்னா எங்க தண்ணி எப்படிக் கெட்டதுங்கிறான். குழாய அடைக்கிற பேச்சே நின்னுபோச்சு. ஒட்டுறதுதான் ஒட்டுறான், 'ஓய்வு பெற்ற ஆசிரியை'ன்னு ஒழுங்கா எழுத வேணாமா? 'ஓ'வுக்குக் குறில் போட்டிருக்கான். நானே சிவப்புப் பேனா கொண்டுபோய்த் திருத்திட்டு வந்தேன்.

அங்க தோண்டாதீங்க சார்... மேலாப்புல எடுத்துக்கங்களேன், மேல நல்ல மண்ணு. என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, மேல கறுப்பு, கீழ வேற கலர். தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு.

முப்பத்திமூணு வருஷம் கணக்கு டீச்சர் சார் நான். என் வகுப்புல ஃபெயிலுங்கிற பேச்சே கிடையாது. அப்பேர்ப்பட்டவ வீட்டுக்கு 'நாளன்னைக்கு மண் டெஸ்ட்'னு நோட்டீஸ் வந்தா? டெஸ்ட்டுன்னா பாஸாகணும், எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். செடிக்கடையிலேர்ந்து பதினெட்டு மூட்டை மண்ணு எறக்கி, பரப்பி, தண்ணி தெளிச்சு, தலை வாரி விடுற மாதிரி வாரி விட்டேன். பரீட்சையில ஆள் மாறாட்டம் பண்ணுன எத்தனை பேரக் காதப் புடிச்சு வெளிய தள்ளிருக்கேன் தெரியுமா? கடைசியில நானே மண்ணு மாறாட்டம் பண்ணிட்டேன். ரிசல்ட் வந்தன்னிக்குத் தெருவுக்கே சாக்லேட் வேற குடுத்தேன்.

வாய மூடிட்டேதான் இருந்திருப்பேன். போன வாரம் என் பேத்திக்கு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, ரத்தத்துல. நாலு வயசு. நாள் பூரா இந்தத் தோட்டத்துலதான் குச்சி வச்சு ஆழமாத் தோண்டித் தோண்டி வீடு கட்டுவா... ஈயம் இருக்குதாம் சார். அதைச் சொல்லத்தான் இவ்ளோ நேரமா சுத்தி வளைக்கிறேன். அவ ரத்தத்துக்கு மேல கொட்டுறதுக்கு எந்தக் கடையில மூட்டை விக்கிறான்?

பைய மூடாதீங்க சார். இன்னும் ஆழமா எடுங்க, மண்வெட்டி நானே தர்றேன். டீச்சர் வீட்டு மண்ணு ஃபெயில்னு கொட்டை எழுத்துல எழுதுங்க. கீழ கையெழுத்து நான் போடுறேன்.