நீலக் குடையோட ஒருத்தர்

அக்கா: யாருக்குடா இந்தச் சட்டை? தேய்ச்சதையே தேய்ச்சுக்கிட்டு இருக்கே.

தம்பி: எனக்குத்தான். ஏன், வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவன் தேய்ச்ச சட்டை போடக் கூடாதா?

அக்கா: தாராளமா போடு. பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி இருக்கேன்னு கேட்டேன்.

தம்பி: ஒருத்திகிட்ட பட்டதே போதும்... நீ எதுக்குக் காலங்காத்தால வந்து உயிரை வாங்கறே?

அக்கா: இன்னைக்குக் கோர்ட்டுல பெரிய ஜட்ஜ் முன்னாடி என் ஆராய்ச்சியைப் பத்திப் பேசணும். உன்கிட்ட ஒருவாட்டி பேசிப் பாத்துக்கறேன். நீதான் ஜட்ஜ்.

தம்பி: கோ... கோர்ட்டுலயா?

அக்கா: ஏன்டா இஸ்திரிப் பெட்டியை அப்படியே வச்சுட்டே? காலர் கருகுது பாரு!

தம்பி: ஐயய்யோ... ம், நீ பேசு. ஜட்ஜ் தேய்ச்சுக்கிட்டே கேப்பாரு.

அக்கா: ஐயா... குடும்பக் கோர்ட்டுல, வழக்கு நாள்ல நிறையப் பேர் வர்றதே இல்ல. வரலைன்னா தீர்ப்பு அவங்களுக்கு எதிராப் போயிடுது.

தம்பி: அக்கறை இல்லாத ஜென்மங்க. அடுத்த வழக்கு!

அக்கா: இப்படித்தான் எல்லாரும் நினைச்சாங்க. நாங்க வீடு வீடாப் போய்க் கேட்டோம். அக்கறை இல்லாதவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

தம்பி: பின்னே?

அக்கா: பயம். உள்ள போனா பிடிச்சு வச்சுடுவாங்களோன்னு. எந்த ரூம்னு தெரியாது, யார்கிட்டயாவது கேக்கவும் கூச்சம். ஒருத்தர் கேட் வரைக்கும் வந்து, எதிர்க் கடையில டீ குடிச்சுட்டு அப்படியே திரும்பிட்டாராம்.

தம்பி: டீ நல்லா இருந்திருக்கும்... மேல சொல்லு.

அக்கா: சரி, முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லலாம்னு பாத்தோம். முதல்ல நாங்க பண்ண கூத்து இருக்கே... நோட்டீஸ்ல இருக்கறதை அப்படியே, செய்தி வாசிக்கிற ஒருத்தரை வச்சுப் பதிஞ்சுட்டோம். "தாங்கள் ஆஜராகத் தவறும் பட்சத்தில்..."

தம்பி: அய்யோ! நானா இருந்தா போனைத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பேன்.

அக்கா: வர்றதா இருந்தவங்களும் வரல. அப்புறம் வராதவங்களையே கூப்பிட்டு உக்கார வச்சோம். எப்படிச் சொன்னா வருவீங்கன்னு கேட்டு, அவங்க வார்த்தையிலேயே எழுதினோம். பேச ஆள் கிடைக்கல, நானே பேசிட்டேன்.

தம்பி: உன் குரலா? ஜனங்க பாவம்.

அக்கா: உதை வாங்குவே.

தம்பி: போன் எல்லாருக்கும் போச்சா?

அக்கா: இல்லடா. நிஜமாவே பலன் இருக்கான்னு தெரியணுமே. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்குப் போன், மீதிப் பேருக்கு வெறும் நோட்டீஸ்.

தம்பி: அந்த மீதிப் பேர் என்ன பாவம் பண்ணாங்க?

அக்கா: ... அதை நினைச்சாத்தான்டா மனசு கேக்க மாட்டேங்குது. ஆனா ஒப்பிட்டுக் காட்டலைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. போன் கிடைச்சவங்க எவ்வளவோ அதிகமா வந்தாங்க. அதைக் காட்டித்தான் எல்லாருக்கும் போன் பண்ணணும்னு கேக்கணும்.

தம்பி: அக்கா... ஒரு சந்தேகம். ஜட்ஜாத்தான் கேக்கறேன். ஒருத்தன் ரெண்டு தடவை போகல. அடுத்த தடவை போய் நின்னா... திட்டுவாங்களா?

அக்கா: ஏன் வரலைன்னு கேப்பாங்க. பயமா இருந்துச்சுன்னு சொல்லலாம்.

தம்பி: பொண்ணைப் பாக்கவே கூடாதுன்னு தீர்ப்பு எழுதிட்டாங்கன்னா?

அக்கா: எழுதுறதுக்குள்ள போயிடணும். இந்தத் தடவையும் போகலைன்னா... கஷ்டம்டா.

தம்பி: ம்... சரி, போன்ல அப்படி என்னதான் பேசினே? பேசிக் காட்டு.

அக்கா: "வணக்கம். நாளைக்குக் கோர்ட்டுல உங்க வழக்கு. வந்தா யாரும் உங்களைப் பிடிச்சு வைக்க மாட்டாங்க. முன்னாடி வரலைன்னாலும் பரவாயில்ல, நாளைக்கு வாங்க. வாசல்ல நீலக் குடையோட ஒருத்தர் நிப்பாங்க..."

தம்பி: "...அவங்க உங்க கூடவே உள்ள வருவாங்க. நீங்க தனியா இல்ல."

அக்கா: அதை நான் இன்னும் சொல்லவே இல்லையேடா.

தம்பி: நேத்து என் ரிப்பேர் கடைக்குப் போன் வந்துச்சுக்கா. எடுத்தா உன் குரல். பதிஞ்சதுன்னு தெரியாம "அக்கா, அக்கா"ன்னு பேசிக்கிட்டே இருக்கேன். மெஷின் வாங்க வந்தவர் சிரிக்கிறாரு.

அக்கா: அட லூசு...

தம்பி: குட்டி யார்கிட்ட இருக்கறதுன்னு அவ அம்மா கேஸ் போட்டிருக்கா. பெத்த பொண்ணைப் பாக்கக் கோர்ட்டுக்குப் போறேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றது? நானும் அந்த டீக்கடை ஆளு மாதிரிதான். ரெண்டு தடவையும் கேட்டோட திரும்பிட்டேன். அப்பல்லாம் வெறும் நோட்டீஸ்தான். சீட்டுல நான் அந்த மீதிப் பேர்ல விழுந்துட்டேன் போல.

அக்கா: ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடா...

தம்பி: அழாதே. நீ அழுதா நானும்... இரு, இரு. ஜட்ஜ்கிட்ட இன்னைக்குத்தான் கேக்கப் போறேன்னு சொன்னியே. அவங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடி எனக்கு எப்படிப் போன் வந்துச்சு?

அக்கா: அதெல்லாம் போன மாசமே பேசி முடிச்சாச்சு. இப்ப எல்லாருக்கும் போன் போகுது.

தம்பி: அப்போ என்னை எதுக்கு ஜட்ஜாக்கினே?

அக்கா: "அத்தை, இந்தத் தடவையாவது அப்பா வருவாரா"ன்னு குட்டி கேட்டாடா. நீயா வாயைத் திறக்கறியான்னு பாத்தேன்... கருகினதை விட்டுட்டு வேற சட்டை போடு. கதவோரம் என் குடையைச் சாத்தி வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டு வா, சேர்ந்தே போலாம். நீலக் கலர்தான். இன்னைக்கு வாசல்ல நிக்கிற முறை என்னோடது.